இரண்டு ஸ்லாட்டிலும் சந்தனம்

ரவிக்குமாருக்குச் சாமி கிடையாது. இந்தச் செய்தி பல்லடத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்குத் தெரியாமல் போனதற்கு அவன் பொறுப்பல்ல. அவர்கள் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் பேக்கரிக்கு டீ குடிக்க வருவதில்லை, அவ்வளவுதான். வந்தவர்களை அவன் விட்டதில்லை. மாலை போட்டவன், பழனிக்கு நடந்தவன், சர்ச்சுக்குப் போய்வந்தவன் என்று ஒருத்தர் பாக்கியில்லாமல் பிடித்து உட்காரவைத்துக் கேள்வி கேட்பான். தேங்காய் பன்னைக் கடித்துக்கொண்டே கடவுளை ஒழிப்பதில் அவனுக்கு நிகர் அவன்தான்.

அப்பேர்ப்பட்டவன் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், பெண்டாட்டி குளிக்கப் போன நேரம் பார்த்து, மாமியார் பால் வாங்கப் போன நேரம் பார்த்து, பூனை மாதிரி நடந்து போய் பூஜை அலமாரியைத் திறந்து சந்தனக் கிண்ணத்தில் மோதிர விரலை விட்டான்.

சும்மா சொல்லக் கூடாது, பயத்துக்குக் காரணம் இருந்தது. இன்னொரு கையில் அவன் வைத்திருந்தது கம்ப்யூட்டருக்குப் போடுகிற புது ரேம், ஒரு ஜோடி. ரேம் விலை தங்கத்தோடு போட்டி போட்டுக்கொண்டு ஏறிக்கொண்டிருந்த காலம் அது. கம்ப்யூட்டர் அவனுடையதும் அல்ல. அவன் மனைவி கயல்விழியுடையது.

கயல்விழி ஜக்கார்டு தறிக்கு டிசைன் வரைகிறவள். போர்வையில், மேசைவிரிப்பில் பூவும் கொடியுமாக ஓடுகிறதே, அதையெல்லாம் முதலில் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்தாக வேண்டும். பல வருஷமாக ஒரு டிசைன் சென்டரில் வேலை. வரைவது இவள், பேர் வாங்குவது சென்டர்க்காரர். அந்த ஆள் வாடிக்கையாளர்களிடம் "நேத்து ராத்திரி தூக்கமில்லாம வரஞ்சனுங்க" என்று சொல்வதை இவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். வீட்டுக்கு வந்தால் அன்றைக்குப் பாத்திரம் விழும் சத்தம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். வெள்ளகோவிலில் தறிப்பட்டறை வைத்திருக்கும் திருமலைசாமி எப்படியோ விசாரித்துக்கொண்டு, "ஞாயித்துக்கெழமை பொழுதோட ஊட்டுக்கே வாரனுங்க, நீங்களா வரஞ்சது ஏதாச்சும் இருந்தாக் காட்டுங்க" என்று போன் பண்ணியிருந்தார். பிடித்துப்போனால் இனி அவர் பட்டறை வேலை முழுக்க நேராக இவளுக்கு. சென்டரைக் கை கழுவிவிடலாம். அவள் வரைந்ததற்கு அவள் பேர்.

அதற்காக அவள் ஒரு பெரிய போர்வை டிசைன் போட்டு வைத்திருந்தாள். அதைத் திறந்தால் கம்ப்யூட்டர் மூச்சு முட்டி நின்றுவிடும். மெமரி பற்றவில்லை.

"கடைல குடுத்துப் போட்டுக்கலாமுங்க" என்றாள் கயல்விழி.

"ரேம் போடறதுக்குக் கடையா? சொன்னாச் சிரிப்பாங்க" என்றான் ரவிக்குமார். அவனுக்கு வேலை ஒரு நூல்மில்லில் ஆள் வருகை குறிக்கிற டைம் ஆபீஸில். கம்ப்யூட்டர் ஞானம் முழுக்க வீடியோ பார்த்து வந்தது. வீடியோவில் ஒரு பையன் பாட்டுப் போட்டுக்கொண்டே ஒரு கையால் ரேமை மாட்டிக் காட்டினான். அது போதாதா?

அவ்வளவு வாய் பேசிவிட்டு, டப்பாவைப் பிரித்ததும் கை நடுங்கியது. உள்ளே இருந்த பழைய ரேமைக் கழற்றி மேசைமேல் வைத்தான். தப்பாகப் போனால் கயல்விழி என்ன செய்வாள் என்பதைவிட, ஒன்றும் செய்யாமல் ஒரு பார்வை பார்ப்பாளே, அதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. அடுத்த நிமிஷம் கால் தானாக பூஜை அலமாரிக்குப் போய்விட்டது.

சரி, சந்தனம் எடுத்தாயிற்று. எங்கே வைப்பது? ரேமுக்கு நெற்றி எது? ஒரு பக்கம் முழுக்க ஸ்டிக்கர். ஸ்டிக்கர்மேல் ஏதாவது பட்டால் வாரண்டி போய்விடும் என்று வீடியோக்காரப் பையன் சொல்லியிருந்தான். ரவிக்குமார் யோசித்தான். கீழ் ஓரத்தில் வரிசையாகத் தங்கக் கலரில் மின்னிக்கொண்டு ஒரு பட்டை இருந்தது. பார்க்கவும் லட்சணமாக இருந்தது. இரண்டு ரேமுக்கும் அந்தத் தங்கப் பட்டையில் இழுத்து ஒரு தீற்று சந்தனம் வைத்து, நடுவே குங்குமமும் வைத்தான். "தாயே, பாத்துக்க" என்று வாய்க்குள் சொன்னான். மாமியாரின் செருப்புச் சத்தம் கேட்டதும் லுங்கியில் அரைகுறையாய்த் துடைத்துவிட்டு ஓடிப்போய் இரண்டையும் இரண்டு ஸ்லாட்டில் சொருகி, "டக்" என்று சத்தம் வரும்வரை அழுத்தினான். ஸ்லாட் என்றால் ரேம் உட்காருகிற பள்ளம். கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றையும் தாங்குகிற போர்டில் இருந்ததே இரண்டு பள்ளம்.

கயல்விழி தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். "ஆச்சுங்களா?"

"எப்பவோ ஆச்சு. சுச்சப் போடு."

போட்டாள். விசிறி சுற்றியது. விளக்கு எரிந்தது. பிறகு கம்ப்யூட்டர் "பீப்… பீப்… பீப்…" என்று ஒப்பாரி வைக்க ஆரம்பித்தது. திரையில் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை.

"என்னுங்க இது?"

"புது ரேம் பழகணுமில்ல, சித்த நேரம் அப்படித்தான் இருக்கும்" என்றான் ரவிக்குமார். இப்படி ஒரு விளக்கத்தை உலகத்தில் எந்த வீடியோவிலும் எவனும் சொன்னதில்லை.

சித்த நேரம் ஆயிற்று. பீப் நிற்கவில்லை. அணைத்துப் போட்டான். கழற்றி மாட்டினான். இடதை வலதிலும் வலதை இடதிலும் மாற்றிப் போட்டான். ஒன்றை மட்டும் போட்டான். மானிட்டர் வயரைப் பிடுங்கிச் சொருகினான். கடைசியில் மானம் போனால் போகட்டும் என்று பழைய ரேமையே எடுத்துப் போட்டான். அதற்கும் பீப்தான். நேற்று ராத்திரிவரை ஓடிய ரேம்! மற்ற ஸ்லாட்டிலும் போட்டுப் பார்த்தான். பீப்.

சந்தனமாக இருக்குமோ என்று நினைப்பு வராமல் இல்லை. வந்தது. வந்த வேகத்தில் அதை அடித்துத் துரத்தினான். துளியூண்டு சந்தனம், அதையும் துடைத்தாயிற்று, அது போய்க் கம்ப்யூட்டரை நிறுத்துமா? அறிவியல் மனப்பான்மை உள்ள எவனாவது அப்படி யோசிப்பானா?

"ஜெரோம் அண்ணனுக்குப் போன் போடுங்க" என்றாள் கயல்விழி. குரல் இறங்கியிருந்தது.

ஜெரோம் இவனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. சர்ச் முடிந்து வீட்டுக்கு வந்து கறிக்குழம்பு கொதிப்பதற்காகக் காத்திருந்தவனை ரவிக்குமார் வீடியோ காலில் பிடித்தான்.

"என்னடா, இன்னைக்கு ஆண்டவரு இருக்காரா இல்லையான்னு கேக்கப்போறியா?" என்றான் ஜெரோம். ஜெரோமின் கடையில் மாட்டியிருந்த சிலுவையைப் பார்த்து, "இது எத்தனை வோல்ட்டுடா?" என்று ரவிக்குமார் கேட்டு இன்னும் மாதம்கூட ஆகவில்லை.

கயல்விழி போனைப் பிடுங்கி விஷயத்தைச் சொன்னாள். ஜெரோம் விளையாட்டை விட்டுவிட்டான். "சரிம்மா, வெசனப்படாத. ரவி, கேமராவத் திருப்பு. கரண்ட்டப் புடுங்கிட்டயா? ரேமோட தங்கப் பட்டைய ரப்பர் வெச்சு அழிச்சுத் தொடை. பள்ளிக்கூடப் புள்ளைங்க அழிக்கிற ரப்பர்தான்."

துடைத்தான். ரப்பரில் மஞ்சளாய் ஒட்டியது. ரவிக்குமார் அந்த ரப்பரை அப்படியே சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். மாட்டிப் பார்த்தால் பீப். போர்டில் பொத்தான் மாதிரி இருந்த பேட்டரியைக் கழற்றி வைத்து மறுபடி போடச் சொன்னான் ஜெரோம். பீப்.

"ஸ்லாட்டக் காட்டு. கிட்டக்க கொண்டு போ. டார்ச் அடி."

ரவிக்குமார் விசிறியைக் காட்டினான்.

"டேய், ஸ்லாட்டுடா."

ரவிக்குமார் போர்டின் இன்னொரு மூலையைக் காட்டினான். பிறகு தன் மூக்கைக் காட்டினான். பிறகு கூரை தெரிந்தது. "நெட்டு சரியில்ல ஜெரோமு" என்றான். இந்தக் கூத்தையெல்லாம் மாமியார் மாரியாத்தாள் சமையலறை நிலையில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெரோம் தலையைச் சொறிந்தான். "பழைய ரேமும் ஓடலைங்கற. ரெண்டு ஸ்லாட்டும் ஒரே நாள்ல போகுமாடா? அப்பறம் போர்டுதான் போயிருக்கோணும். நாளைக்குக் கடைக்குக் கொண்டா. வேற போர்டு போட்டுக்கலாம்."

"வேற போர்டு போட்டா டிசைன் சாப்ட்வேர் தெறக்காதுங்கண்ணா" என்றாள் கயல்விழி. "அது இந்த மெஷினுக்குன்னே பூட்டிக் குடுத்தது. அவங்களைக் கேட்டு மாத்தி வாங்கறதுக்குள்ள வாரம் ஓடிப்போயிரும். திருமலைசாமி இன்னைக்குப் பொழுதோட வாராருங்கண்ணா. இன்னொருக்கா அவர எங்க போய்க் கூப்பிட?"

கயல்விழி அழவில்லை. துண்டால் மேசையில் இல்லாத தூசியைத் துடைத்தாள். ரவிக்குமாருக்கு அவள் அழுதிருந்தால் தேவலை என்று இருந்தது. 'சொல்லிவிடு, சொல்லிவிடு' என்று உள்ளே ஒருத்தன் அடித்துக்கொண்டான். ஆனால் போனில் ஜெரோம். இவனிடமா? சிலுவைக்கு வோல்ட் கேட்ட வாயால், ரேமுக்குச் சந்தனம் வைத்தேன் என்றா சொல்வது? அதற்குப் பிறகு ஊரில் தலை காட்ட முடியுமா? நல்ல கணக்குத்தான்! பெண்டாட்டியின் பிழைப்பு ஒரு தட்டில், பேக்கரியில் இருக்கும் மரியாதை ஒரு தட்டில். அந்தப் பாவி யோசித்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணுதான் இடிக்குது" என்றான் ஜெரோம், குழம்பிலிருந்து கண்ணை எடுத்து. "ஸ்லாட்டுக்குள்ள ஏதாச்சும் ஈரமா எறங்கியிருந்தா இப்படித்தான் ஆகும். காப்பி கீப்பி சிந்துச்சா? ஏ ரவி, உங்க அத்தை சந்தனம் குங்குமம் ஏதாச்சும் வெச்சாங்களாடா? போன வாரம்கூட ஒரு ஊட்டுல கீபோர்டுக்குள்ள வெபூதி கொட்டி வெச்சிருந்தாங்க."

கயல்விழி திரும்பினாள். ரவிக்குமாரும் திரும்பினான், அவனுக்கு வேறு வழியில்லை. மாரியாத்தாள் சமையலறை நிலையில் அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

அவள்மேல் சந்தேகம் வருவதில் தப்பே இல்லை. மகள் வீட்டுக்கு வந்து இருக்க ஆரம்பித்ததிலிருந்து இந்த வீட்டில் மின்சாரம் பாய்கிற எதையும் அவள் சும்மா விட்டதில்லை. மிக்ஸிக்குச் சந்தனம், இன்வெர்ட்டருக்குச் சந்தனம், ஸ்கூட்டிக்குச் சந்தனத்தோடு எலுமிச்சம்பழமும். ஒரு தடவை மானிட்டர் நடுவில் பொட்டு வைத்துவிட்டாள் என்று ரவிக்குமார் குதித்த குதி இருக்கிறதே! அறிவு, விஞ்ஞானம், இருபத்தோராம் நூற்றாண்டு என்று ஒரு மணி நேரம் பேசினான். அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் ஈரத்துணியால் பொட்டைத் துடைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அந்தக் கம்ப்யூட்டர் பக்கம் அவள் விரல்கூடப் போனதில்லை.

"அம்மா, நீ வெச்சியா?" என்றாள் கயல்விழி.

மாரியாத்தாள் மகளைப் பார்த்தாள். பிறகு, போனைப் பிடித்திருந்த மருமகனின் கையைப் பார்த்தாள். மோதிர விரல் நகத்துக்குள் மஞ்சளாய் ஒட்டியிருந்ததை அவள் எப்போதோ பார்த்துவிட்டாள் போலிருக்கிறது. ரவிக்குமார் கையை மடக்கிக்கொண்டான். மடக்கினானே ஒழிய, வாயைத் திறந்தானா என்றால் இல்லை.

"ஆமாங்கண்ணு" என்றாள் மாரியாத்தாள். "நாந்தான் வெச்சுப்போட்டேன். புதுசாச்சேன்னு ரெண்டுக்கும் ஒரு பொட்டு வெச்சேன்."

அவ்வளவுதான். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் கயல்விழியிடமிருந்து அவிழ்த்துக்கொண்டு வந்தது.

"உனக்குப் புதுசு எதையாச்சும் கண்டா கை சும்மா இருக்காதா? எத்தனை தடவ சொல்லியிருக்குது? அவரு சொல்லல? நான் சொல்லல? இது எனக்கு வெறும் பொட்டி இல்லம்மா. எத்தனை வருசமா அந்த ஆளு என் வேலையத் தன்னோடதுன்னு சொல்லும்போது பல்லக் கடிச்சுட்டு உக்காந்திருந்தேன், இந்த ஒரு நாளுக்காக. அதுல மண்ணள்ளிப் போட்டுட்டியே! நீ ஒண்ணும் இங்க இருக்க வேண்டாம். நாளைக்கே காங்கேயத்துக்கு உம் மகன் ஊட்டுக்குப் போயிரு. அங்க எண்ணெய் மில்லுல எத்தனை மெஷின் இருக்குது, போய் எல்லாத்துக்கும் சந்தனம் வை."

மாரியாத்தாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள். ரவிக்குமாருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவன் வாயைத் திறப்பதற்குள் ஜெரோம் போனில் கத்தினான்.

"சண்டைய அப்பறம் வெச்சுக்கங்கம்மா! சந்தனம்னா போர்டு நல்லாத்தான் இருக்குது. பொழச்சோம். செல்போன் ரிப்பேர் பண்றவங்ககிட்ட போர்டு கழுவற ஸ்பிரிட் இருக்கும். வாங்கிட்டு வந்து, பழைய பல் பிரஷ்ஷுல நனச்சு, ரெண்டு ஸ்லாட்டையும் நல்லாத் தேச்சு எடுங்க. தண்ணி மட்டும் காட்டீராதீங்க. காத்தாட நல்லாக் காயோணும், அப்பறந்தான் கரண்ட்டு. ஓடு ரவி!"

ரவிக்குமார் ஓடினான். தெருமுனையில் அஃப்தாப்பின் செல்போன் கடை ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும். அஃப்தாப் கொடுத்த ஸ்பிரிட் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி வரும்போது தீர்மானமாக முடிவு செய்துவிட்டான். வீட்டுக்குள் காலை வைத்ததும் முதல் வார்த்தை அதுதான். 'கயலு, வெச்சது நான்.' நான்கு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டான். நன்றாகத்தான் வந்தது.

உள்ளே நுழைந்ததும் கயல்விழி பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு, "டார்ச்சப் புடிங்க" என்றாள். அவன் டார்ச்சைப் பிடித்தான்.

அவள் பிரஷ்ஷை நனைத்துத் தேய்க்கத் தேய்க்க மஞ்சளும் சிவப்புமாய்க் கழன்று வந்தது. வீடு ஆஸ்பத்திரியும் கோயிலும் சேர்ந்த மாதிரி மணத்தது. "பாருங்க, எவ்வளவு அப்பி வெச்சிருக்குதுன்னு" என்று ஒவ்வொரு தடவையும் பிரஷ்ஷை எடுத்து அவனிடமே காட்டினாள். "ம்" என்றான். வேறென்ன சொல்வான்? ஒரு "ம்"முக்கு ஒரு அடி வீதம் மனசாட்சி அவனை உள்ளே வைத்து மொத்திக்கொண்டிருந்தது. வெளியே தெரியவில்லை, அதுதான் அவனுடைய பாக்கியம்.

மின்விசிறிக்குக் கீழே வைத்துக் காயவிட்டார்கள். ரேம்களையும் மறுபடி துடைத்தார்கள். கயல்விழியே மாட்டினாள். சுவிட்சைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரே ஒரு "பீப்" கேட்டது. பிறகு திரையில் வெளிச்சம் வந்தது; டிசைனைச் சொடுக்கினாள். காங்கேயம் காளையின் கொம்புகளை வளைத்து வளைத்துக் கரையாக ஓடவிட்டு அவள் வரைந்திருந்த போர்வை, கண் இமைப்பதற்குள் முழுசாகத் திறந்தது. போனில் ஜெரோம், "ஆண்டவரே" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனான்.

திருமலைசாமி சொன்னபடி சாயங்காலம் பொழுதோடு வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பட்டறைக்காரர் என்று எழுதி ஒட்டாத குறை. "காப்பி வெச்சாக் குடிப்பாருங்களா?" என்று மாரியாத்தாள் மகளிடம் மெதுவாய்க் கேட்டாள். அந்தக் காலத்தில் அவள் களையெடுக்கப் போன தோட்டத்துக்காரர்கள் இவர்கள் வீட்டில் கை நனைத்ததில்லை. கயல்விழி காலையிலிருந்து அம்மாவிடம் பேசவே இல்லை. மாரியாத்தாள் காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். திருமலைசாமி திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே டம்ளரை எடுத்துக் குடித்தார். குடித்து முடிக்கும்வரை மாரியாத்தாள் அங்கேயே நின்றாள்.

அவர் டிசைனைப் பெரிதாக்கச் சொன்னார், சிறிதாக்கச் சொன்னார். ஒரு கொம்பு அடுத்த கொம்போடு சேருகிற இடத்தை விரலால் தொட்டார்.

"அம்மணி, அந்த டிசைன் சென்டர்ல நான் இதுவரைக்கும் வாங்கினதெல்லாம்கூட இந்தக் கைதானுங்களா?"

கயல்விழி தலையாட்டினாள்.

"கரை திரும்பற எடத்துல தெரியுதுங்க. அப்பறம் எதுக்குங்க நடுவுல அந்த ஆளு? இனி நேரா உங்ககிட்டயே வந்தர்றேன். முதல்ல இதையே தறில ஏத்தீரலாம். மெஷின் புதுசுங்களா? சரசரன்னு ஓடுது."

கயல்விழியின் முகத்தில் காலையிலிருந்து இல்லாத வெளிச்சம் வந்துவிட்டது. சந்தோஷத்தில் வாய் நிற்கவில்லை. "அதையேன் கேக்கறீங்க! எங்கம்மா ரேமுக்குச் சந்தனம் வெச்சு இன்னைக்கு என் உசுரையே எடுத்துட்டாங்க" என்று ஆரம்பித்துக் கதை முழுக்கச் சொன்னாள். ஒப்பாரி வைத்த கம்ப்யூட்டர், பல் பிரஷ், எல்லாம். திருமலைசாமி வயிறு குலுங்கச் சிரித்தார். மாரியாத்தாளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சேர்ந்து சிரித்தாள்.

அவள் சிரித்ததைத்தான் ரவிக்குமாரால் தாங்க முடியவில்லை. திட்டு வாங்கிய கிழவி, தன்னைப் பற்றிய கேலிக்குத் தானே சிரிக்கிறாளே!

"வெச்சது நாந்தானுங்க" என்றான்.

சிரிப்பு நின்றது. திருமலைசாமி திரும்பி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "இவருதானே சாமியே இல்லைன்னு பேக்கரில பேசறவரு? எங்க மேஸ்திரி சொல்லியிருக்கான். அப்படிப்பட்ட மனுசன் மாமியாளுக்காகப் பழியத் தூக்கித் தலைல போட்டுக்கறாரு பாருங்க! இந்த மாதிரி மாப்ள யாருக்குங்க கெடைக்கும்?"

"இல்லீங்க, நெசமாலுமே நாந்தான்…"

"அட, உடுங்க மாப்ள" என்றாள் மாரியாத்தாள். "எனக்காக நீங்க எதுக்குப் பொய் பேசறீங்க?"

கயல்விழி புருஷனைப் பார்த்தாள். கல்யாணமான புதிதில் பார்த்த பார்வை அது. இந்த ஜென்மத்தில் இனிக் கிடைக்காது என்று அவன் கணக்கு முடித்து வைத்திருந்த பார்வை. வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிடலாம். உண்மையைச் சொல்லியாயிற்று, நம்பாதது அவர்கள் பாடு. சாமர்த்தியசாலி எவனும் அதைத்தான் செய்வான். ரவிக்குமாரும் திருமலைசாமியின் கார் தெருவைத் தாண்டும்வரை அதைத்தான் செய்தான்.

கார் போனதும் அவன் பையிலிருந்து ரப்பரை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"கயலு, நெசமா நாந்தான். நீ குளிக்கப் போனே, அத்தை பால் வாங்கப் போனாங்க. எனக்குக் கை நடுங்கிருச்சு. தாயேன்னு கும்பிட்டு மோதிர வெரல்ல தொட்டு வெச்சேன்."

"சும்மா இருங்க. எங்கம்மாவக் காப்பாத்துனது போதும்."

"தங்கப் பட்டைல எதுக்கு வெச்சேன் தெரியுமா? ஸ்டிக்கர்மேல வெச்சா வாரண்டி போயிரும். அதுக்குத்தான்."

கயல்விழிக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. சாமி கும்பிடும்போதுகூட வாரண்டியை நினைக்கிற ஆள் அந்த வீட்டில் ஒருவன்தான் உண்டு. முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. மூச்சு வாங்கச் சிரித்தாள். "நீங்களா? தாயேன்னு வேற கும்பிட்டீங்களா?" என்று கேட்டு மறுபடி சிரித்தாள். சிரித்துக்கொண்டே சமையலறைப் பக்கம் திரும்பியவள், அங்கே அம்மா காப்பி டம்ளரைக் கழுவித் துணியால் துடைத்துக் கவிழ்ப்பதைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே அறுந்தது.

"ஏம்மா, உனக்குத் தெரியுமா?"

"அவரு நகத்தப் பாத்தேன்."

"அப்பறம் எதுக்கு நீ வெச்சேன்னு சொன்னே? நான் என்னென்ன பேசிப்போட்டேன். ஊட்ட உட்டுப் போயிருன்னு சொன்னேனேம்மா. அதுக்குக்கூட வாயத் தெறக்காம நின்னியே!"

மாரியாத்தாள் ஈரக்கையைத் துணியில் துடைத்தாள்.

"போர்டே போச்சுன்னு அந்தத் தம்பி சொல்லுச்சு. யாராச்சும் ஒருத்தரு வெச்சேன்னு சொன்னாத்தான் உன்ற மெஷின் பொழைக்கும். இவரு சொல்ற மாதிரி தெரியல. செரி, நான் சொன்னேன். நீ என்னையத் திட்டினது நாளைக்கு விடிஞ்சு ஒரு காப்பி குடிச்சா எனக்கும் மறந்துரும், உனக்கும் மறந்துரும். அதே பேச்ச உம் புருசனப் பேசியிருந்தீன்னா, நீயும் மறக்கமாட்டே, அவரும் மறக்கமாட்டாரு. அப்பறம் ரெண்டு பேரும் அத வெச்சுக்கிட்டே கடைசி வரைக்கும் குடித்தனம் பண்ணோணுமில்ல கண்ணு?"

ரவிக்குமார் கூடத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். உள்ளே போய் ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தும், மேசைமேல் கிடந்த ரப்பரையே உருட்டிக்கொண்டிருந்தான். கயல்விழி அம்மாவின் கையிலிருந்த துணியை வாங்கி, ஏற்கெனவே துடைத்திருந்த டம்ளரை மறுபடி துடைத்தாள்.